கெட்டித் தண்ணீர்

கலக்கிக்கொண்டிருப்பது யாருடைய தண்ணீர் என்று கோமளத்துக்கு ஒரு நொடி மறந்துவிட்டது. காலையில் இதே மேசையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, குமிழ் எழும்பாமல், ஸ்பூனைத் தூக்காமல், இதேபோல மெல்ல மெல்லத்தான் புருஷனுக்குக் கலக்கினாள். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர், அதில் டாக்டர் எழுதிக் கொடுத்த வெள்ளைப் பொடி. கலக்கக் கலக்கத் தண்ணீர் தன் குணத்தை விட்டுவிட்டுக் கூழாகிவிடும். இப்போது பிளாஸ்டிக் கிண்ணத்தில் ரெசின் பசை, அதில் பாதியளவு, அதை இறுக வைக்கிற ஹார்டனர். இதுவும் முதலில் கலங்கும், பிறகு தெளியும், ஊற்றி வைத்தால் ஒரு நாளில் கண்ணாடியாக இறுகிப்போகும். அது கட்டிலில் படுத்திருக்கும் மனுஷனின் தொண்டைக்கு, இது அந்த மனுஷன் செய்து வைத்திருக்கும் பொம்மை ஆற்றுக்கு. வீட்டில் இரண்டு தண்ணீர் கலக்குகிறாள், இரண்டும் தண்ணீர் இல்லை. ஞாபகப் பிசகாக இதை ஒரு ஸ்பூன் எடுத்துக்கொண்டு போய் அவர் வாயில் வைத்துவிட்டால் என்ன ஆகும்? ஏண்டி உனக்குப் புத்தி இப்படிப் போகிறது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வேதாசலம் கட்டிலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்குனியில் பக்கவாதம் அடித்து வலது பக்கம் விழுந்ததிலிருந்து, பேச்சும் போனதிலிருந்து, அவருக்கு மிச்சமிருப்பது அந்தப் பார்வை ஒன்றுதான். "தண்ணியா எதையும் குடுத்துடாதீங்கம்மா. முழுங்குற வழி சரியா மூடிக்கல, நேரா நுரையீரலுக்குப் போயிடும். படுத்த படுக்கையிலயே முங்கிப்போன மாதிரி ஆயிடும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். படுத்த படுக்கையிலேயே முங்குவது. டாக்டர் போகிற போக்கில் சொன்னதுதான், ஆனால் அந்த வார்த்தை வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. காய் நறுக்கும்போது வருகிறது, கொசுவலை கட்டும்போது வருகிறது.

சாப்பாட்டு வேளை முடிந்து கிராப்பட்டித் தெரு கண்ணயர்ந்திருந்தது. ரெசினில் தூசி விழக் கூடாதென்று ஃபேனை நிறுத்தி, ஜன்னல்களைச் சாத்தியிருந்தாள். கழுத்தில் வியர்வை இறங்கியது. இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை. இத்தனை வருஷம் ஒரே கூடத்தில் ஒருத்தர் செய்வதைப் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் நிஜ ரயிலைத் தட்டிக் கொட்டிவிட்டு வந்து, இங்கே உட்கார்ந்து விரல்நீள ரயிலைத் தட்டிக் கொட்டுகிற மனுஷனை என்னவென்று சொல்ல? கூடத்தில் பாதி அவருடைய ஊர்தான். தெர்மக்கோலை அறுத்து மலை, மேலே பிளாஸ்டர், வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து மண், சாயம் போட்ட மரத்தூளில் புல், தேங்காய் நாரில் நாணல். தண்டவாளம் மலையைச் சுற்றி வந்து வளைவுப் பாலத்தில் ஏறி ஆற்றைக் கடக்கும். ஆற்றுக்கு மட்டும் தண்ணீர் கிடையாது. "தண்ணிதான் கடைசி. ஊத்திட்டா அப்புறம் ஆத்துக்குள்ள கை வைக்க முடியாது. அதனால அடியில இருக்க வேண்டியதெல்லாம் முதல்ல இருக்கணும்" என்பார். அடியில் என்னென்னவோ வைப்பார். உடைந்த பானை, சைக்கிள் சக்கரம், பாதி கரைந்த பிள்ளையார். யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லையே என்று ஒருதரம் கேட்டாள். "தெரியாட்டி என்ன, இருக்குதுல்ல" என்றார். ஊரில் உள்ளவர்கள் எல்லாரும் நிஜமானவர்கள். இஸ்திரி வண்டிக்காரர் உண்டு. மாடி வீட்டு டீச்சரம்மா குடையோடு உண்டு. கடைசிப் பெட்டியில் கார்டாக அவருடைய சிநேகிதர் உண்டு. எல்லாரும் சுண்டுவிரல் நகத்தளவு. ஒருநாள் அவர் வேலைக்குப் போனபின் கோமளம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னைத் தேடினாள். பிளாட்பாரத்தில், கோயில் வாசலில், ஒவ்வொரு ஜன்னலாக. எங்கும் இல்லை. பால்காரரின் நாய்கூட இருந்தது. அன்றைக்கு ரசத்தில் உப்பு போடவில்லை, வேண்டுமென்றேதான். அவர் கவனிக்காமல் குடித்துவிட்டுப் போனார்.

ஊற்றச் சொன்னது ரெஜினா. கை கால் நீவிவிட வருகிற பெண், கெட்டிக்காரி. ஆமாம் என்றால் ஒரு தடவை, இல்லை என்றால் இரண்டு தடவை கண்ணை மூடித் திறக்க அவருக்குப் பழக்கியதும் அவள்தான். "அந்த ஆத்தையே பாத்துக்கிட்டிருக்காருக்கா. முடியாம கெடக்கறது மனசைக் குடையுது போல. நீங்கதான் ஊத்தி முடிச்சிடுங்களேன்" என்றாள். பிறகு கட்டில் பக்கம் குனிந்து சத்தமாக, "ஐயா, அக்கா ஊத்தட்டுமா?" என்றாள். அவர் வெகுநேரம் கோமளத்தையே பார்த்தார். பிறகு ஒரு தடவை மூடித் திறந்தார். அந்த வெகுநேரம் எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. இப்போது, கிண்ணத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, படுக்கையில் விழுவதற்கு முந்தின வாரம் அவர் ஆற்றின் மேல் மூடி ஒட்டியிருந்த செய்தித்தாளை மறுகையால் உரித்தபோது, ஏனோ அந்த வெகுநேரம் திரும்பி வந்து முதுகில் நின்றது. பேப்பர் கடைசியாகப் பாலத்தின் நிழலிலிருந்து, படித்துறை ஓரத்திலிருந்து விலகியது. அடியில் ஒரு பெண் விழுந்து கிடந்தாள்.

விழுந்துதான் கிடக்கிறாள் என்று கோமளம் நினைத்தாள். கரையில் நின்றவளாயிருக்கும், பசை விட்டிருக்கும், இந்த வெயிலுக்கு எதுதான் ஒட்டி நிற்கிறது? கிடுக்கியை எடுத்து மெல்லத் தூக்கினாள். வரவில்லை. காலைப் பிடித்துத் தூக்கினாள், வரவில்லை. பாதத்தின் அடியில் பசைத் தடமே இல்லை, சுத்தமாக இருந்தது. ஒருநாளும் நின்றவள் இல்லை இவள். முதுகு முழுக்கப் பசை போட்டு, மல்லாக்க, ஆற்றுக்கு அடியில் ஒட்டப்பட்டவள். அடியில் இருக்க வேண்டியதெல்லாம் முதலில் இருக்க வேண்டும். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். மாம்பழ மஞ்சளில் சேலை, அரக்கு பார்டர். பார்டரை ஒற்றை மயிர்த் தூரிகையால் இழுத்திருக்க வேண்டும், அவ்வளவு மெல்லிசு. கூந்தல் அவிழ்ந்து ஒரு பக்கமாகப் போயிருந்தது. கண் இரண்டும் திறந்தபடி, இரண்டு கரும்புள்ளி. பக்கத்தில் மணல்மேல் சிவப்பும் வெள்ளையுமாகத் துகள் சிதறியிருந்தது, எறும்பு இழுத்து வந்த தீனிபோல. தொட்டுப் பார்த்தாள். பூ. நிஜமான காய்ந்த பூவைப் பொடித்துத் தூவியிருக்கிறார். அப்போதுதான் தெரிந்தது, அது மாலை. அது மாலை என்றால் அந்தச் சேலை அந்தச் சேலைதான். அந்தச் சேலை என்றால் இவள். தேடித் தேடிக் கிடைக்காதவள் கிடைத்துவிட்டாள். பாலத்தில் இல்லை, பிளாட்பாரத்தில் இல்லை, இங்கே இருக்கிறாள், ஆற்றுக்கு அடியில், தண்ணீருக்காகக் காத்துக்கொண்டு. கையில் கிண்ணம் இளஞ்சூடாகியிருந்தது. கிண்ணத்திலேயே வைத்திருந்தால் சூடேறிச் சீக்கிரம் இறுகிவிடும், ஊற்றினால்தான் ஆறும். ஊற்று ஊற்று என்றது கிண்ணம். என்னைக் கொன்று வைத்திருக்கிறார் என்று நினைத்தாள். அதை என் கையாலேயே மூடச் சொல்லி, ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தும் விட்டார்.

கல்யாணமாகி வந்த முதல் ஆடிப்பெருக்கு. பெட்டியில் வைத்திருந்த கல்யாண மாலைகளை ஆற்றில் விட வேண்டும், தாலிக்கயிறு மாற்ற வேண்டும் என்று இரண்டு வீட்டாரும் அம்மா மண்டபத்துப் படித்துறைக்குப் போனார்கள். காவிரி படிகளை விழுங்கிக்கொண்டு ஓடியது. எள் போட்டால் எள் விழாத கூட்டம், ஈரச் சேலை வாடை, மஞ்சள், சித்ரான்னத்தின் வாசனை. அவரும் அவளும் ஆளுக்கொரு மாலையோடு கடைசிப் படியில் இறங்கினார்கள். கருகிப் போன மாலை, தொட்டால் உதிர்ந்தது. அவள் குனிந்து மாலையை விட்டாள், பாசி, கால் வழுக்கிவிட்டது. அவ்வளவுதான். சத்தம் நின்றுவிட்டது. காதுக்குள் ஆற்றின் இரைச்சல் மட்டும், பெரிய உரலில் யாரோ மாவாட்டுகிற மாதிரி. அந்த மஞ்சள் சேலை மேலே எழும்பி அவளைச் சுற்றிக்கொண்டது. கண்ணைத் திறந்தாள். பச்சையாக இருந்தது எல்லாம், பச்சைக்கு மேலே வெளிச்சம், வெளிச்சத்தில் அவர். படியில் நின்று குனிந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தன. முகம் தண்ணீரில் நெளிந்தது, ஆனால் முகத்தில் பதற்றம் இல்லை, கோபம் இல்லை, ஒன்றுமே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை வந்தது, முடியைப் பிடித்தது, இழுத்தது. மேலே வந்ததும் சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது. "மாப்பிள்ளை காப்பாத்திட்டாருடி!" என்று அம்மா அழுதாள். அத்தைகள் அவருக்குத் திருஷ்டி கழித்தார்கள். அவளும் அழுதாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது? மூச்சு முட்டும்போது நொடிகூட நீளம்தான். அவர் உடனேயேகூடக் கையை நீட்டியிருக்கலாம், தண்ணீருக்குள் இருந்தவளுக்குத்தான் அது நீண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று பிரசவ வலியில் சொல்லிக்கொண்டாள். அப்படித்தான் என்று மகளைக் கட்டிக்கொடுத்த அன்று கல்யாண மண்டப வாசலில் நின்று சொல்லிக்கொண்டாள். ஆனால் சில நாள், அவர் தலை குனிந்து சாப்பிடும்போது அந்தக் கைகளைப் பார்ப்பாள். கை அப்போது தொங்கியதா, நீண்டுகொண்டிருந்ததா? எவ்வளவு நேரம்? அதுமட்டும் தெரிந்தால் போதும் என்று தோன்றும். அதைக் கேட்க நாக்கு வராது. உப்பில்லாத ரசத்தை வைப்பாள்.

கிண்ணம் கையைச் சுட்டது. நிமிர்ந்தபோது படித்துறை பொம்மை கண்ணில் பட்டது. புதிதல்ல. ஆறு என்று ஒரு பள்ளம் வெட்டிய நாளிலிருந்து கடைசிப் படியில் நிற்கிறான், வெள்ளை வேட்டி, குனிந்த தலை, தொங்கும் கைகள். மீன்பிடிக்கிறவன், தூண்டில் எங்கோ விழுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மாடி வீட்டுப் பேரன் ஒருதரம் "இவர் யாரு தாத்தா?" என்று கேட்டதற்கு, "சும்மா வேடிக்கை பாக்கிறவன்" என்றார் வேதாசலம். அவன் பார்க்கிற கோட்டைக் கண்ணால் பிடித்துக்கொண்டு கீழே போனாள். கோடு நேராக மஞ்சள் சேலையில் போய் முடிந்தது. இத்தனை வருஷம் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறான், அவள் வந்து படுக்கட்டும் என்று. திரும்பினாள். கட்டிலில் அவர் கண் சிமிட்டாமல் இருந்தார். அவளைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தார். வெளியே எங்கோ குக்கர் விசில் அடித்தது. உலகம் தன்பாட்டுக்கு இருக்கிறது. பெயர்த்து எடுத்துவிடலாமா? கத்தியால் நெம்பினால் வந்துவிடுவாள், ஆனால் முதுகு போய்விடும், பாதி உடைந்தவளாக வருவாள். உடைந்தவளை எங்கே வைப்பது? ஊற்றினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் தொடங்கி நூல்போல ஊற்றினாள், கோயில் குளத்துக்கு அவர் ஊற்றியதுபோலவே. ரெசின் மணல்மேல் ஊர்ந்து, சக்கரத்தைத் தொட்டு, பிள்ளையாரைத் தாண்டி, அவசரமில்லாமல் படித்துறைக்கு வந்தது. பாதம், சேலைக் கொசுவம், இடுப்பு. முகத்தை மூடும்போது கோமளம் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டதை அவளே பிறகுதான் கவனித்தாள். மூடியதும் வர்ணம் ஈரமாகி மஞ்சள் பளிச்சென்று எரிந்தது. அழகாக இருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை. இவ்வளவு அழகாகத் தன்னை யாரும் பார்த்ததில்லை என்று நினைத்ததும் கண்ணீர் வந்துவிட்டது. பிறகு ஆற்றடியில் கிடந்தவளின் வாயருகிலிருந்து ஒரு குமிழ் கிளம்பி மேலே வந்தது.

முதுகுக்கடியில் காற்று மாட்டியிருக்கும். பசை சரியாகப் பரவாவிட்டால் அப்படி வரும், அவரே சொல்லியிருக்கிறார். குமிழ் வந்தால் ஸ்ட்ராவை வைத்து மெல்ல மூச்சு விட்டால் போதும், சூட்டில் உடைந்துவிடும். கோமளம் ஸ்ட்ராவை எடுத்துக் குனிந்து தன் மூச்சைத் தன் முகத்தின் மேல் விட்டாள். உடைந்தது. இன்னொன்று கிளம்பியது. அதற்கும் விட்டாள். மறுபடியும், அதே இடத்திலிருந்து, ஒவ்வொன்றாக, நிதானமாக. காற்றுதான், பசைதான், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டே ஊதினாள். அன்றைக்கும் இப்படித்தான் போயிருக்கும், ஒவ்வொன்றாக, மேலே, அவர் முகத்துக்கு நேராக. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். ஸ்ட்ராவை வைத்துவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். கேட்டுவிடுவாள் என்று அவளுக்கே தெரியாது, வாய் கேட்டது. "என்னங்க. அன்னிக்கு அம்மா மண்டபத்துல, நான் உள்ள கெடந்தேன்ல. பாத்துக்கிட்டு நின்னீங்களா?" வேதாசலம் கண்ணை மூடினார். ஒன்று என்று எண்ணக் காத்திருந்தாள். அவர் திறக்கவில்லை. இமைக்குள் கருவிழி உருண்டது, ஓரத்தில் ஈரம் கசிந்தது, திறக்கவில்லை. மூடியது மூடியபடி இருந்தால் அது ஆமாமா, இல்லையா? ரெஜினா இதற்கு எதுவும் பழக்கவில்லை. "சொல்லுங்க. எவ்ளோ நேரம்? அத மட்டும் சொல்லுங்க" என்றாள். கெஞ்சலாக ஆரம்பித்தது அதட்டலாக முடிந்தது. அவர் உதடு பிரிந்து உலர்ந்த நாக்கு வெளியே வந்து போனது. தாகம். தாகம் எடுத்தால் அப்படித்தான் செய்வார்.

மேசையில் இரண்டு டம்ளர் இருந்தது. ஒன்று அவருக்குக் காலையில் கலக்கி மூடி வைத்தது, இன்னொன்று புழுக்கத்துக்கு அவள் குடித்து மீதி வைத்தது. கை ஒன்றை எடுத்தது. மனசு படித்துறையில் நின்றது. எவ்வளவு நேரம், எவ்வளவு நேரம் என்று கேட்டுக்கொண்டே தலையணையை உயர்த்தினாள், ஸ்பூனை வாயில் வைத்தாள். அது உதட்டில் வழுக்கி ஓடிய வேகத்தில்தான் தெரிந்தது, இது வெறும் தண்ணீர். அவர் கண் பட்டென்று திறந்தது. நெஞ்சு ஒருமுறை தூக்கிப் போட்டது. இருமல் வர வேண்டும், வரவில்லை. வாய் திறந்து திறந்து மூடியது, தொண்டைக்குள் களக் களக் என்று சின்னதாக ஒரு சத்தம், மூக்கோரத்தில் ஒரு நீர்க்குமிழ் ஊதி உடைந்தது. ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும், முதுகில் தட்ட வேண்டும், ரெஜினா செய்து காட்டியிருக்கிறாள், எல்லாம் தெரியும். கோமளம் நின்றாள். உதட்டின் நிறம் மாறிக்கொண்டிருந்தது. ஆற்றின் ஆழமான இடத்துக்கென்று அவர் கலந்து வைத்திருக்கிற நிறம், நீலத்தில் ஒரு துளி சாம்பல். கழுத்து நரம்பு ஒன்று எழுந்து நின்றது, அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. இத்தனை வருஷம் கூட வாழ்ந்த முகம், முதல்முறையாகப் பார்ப்பதுபோல இருந்தது. கோபம் இல்லை. பழி தீர்க்கிறோம் என்ற எண்ணம் சத்தியமாக இல்லை. கொல்ல வேண்டும் என்றும் இல்லை, காப்பாற்ற வேண்டும் என்றும் இன்னும் வந்து சேரவில்லை. பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. தொங்குகிறது என்று அவளுக்கே தெரிந்தது. கட்டிலிலிருந்து அவர் அவளைப் பார்த்தார், கீழிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து.

பிறகு கை போனது. தோளைப் பிடித்துப் புரட்டினாள், முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தாள், "ஐயோ, மூச்சு விடுங்க, விடுங்க" என்று அலறினாள், யார் அலறுகிறார்கள் என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. இருமல் வந்தது. ஒன்று, பிறகு சரமாக. தண்ணீரும் கோழையும் தலையணையில் கொட்டியது. மூச்சு ரம்பம்போல் இழுத்தது, மெல்ல மெல்லச் சீரானது. உதட்டில் பழைய நிறம் திரும்பியது. அவரை நிமிர்த்திச் சாய்த்து, முந்தானையால் வாயையும் மோவாயையும் துடைத்தாள். பயமாக இருந்தது, அவரைக் கண்டு பயந்த பயமெல்லாம் எங்கோ போய்விட்டிருந்தது, தன்னைக் கண்டுதான் பயமாக இருந்தது. தன்னுடைய டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில், எட்டாத மேல்தட்டில் வைத்துவிட்டு வந்தாள். மூடி வைத்த டம்ளரைத் திறந்து, கெட்டியாக இருக்கிறதா என்று ஸ்பூனைச் சாய்த்துப் பார்த்தாள். சொட்டவில்லை. ஒரு வாய் கொடுத்தாள். அவர் விழுங்கினார். ஆற்றில் குமிழ் நின்றிருந்தது. கடைசியாகக் கிளம்பிய ஒன்றுமட்டும் மேலே வந்து உடையாமல், மஞ்சள் சேலைக்கு மேல் அப்படியே நின்றுவிட்டது. ஊதினால் உடையும், நாளைக்கு ஊதினால் உடையாது. அவள் எழுந்து போகவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அவருடைய இடது கையை, உயிருள்ள கையை, எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அன்னிக்கும் இவ்ளோ நேரந்தானா?" என்று கேட்டாள்.

வேதாசலம் அவளைப் பார்த்தார். கண்ணை மூடினார். திறந்தார். இன்னொரு தடவை மூடுவார் என்று கோமளம் காத்திருந்தாள். அவர் மூடவில்லை.